மண்சுவர் கேட்கும் நீங்கள், கல்சுவர் கேட்கும் பெரியவர்

வாசகர் கேள்வி: கட்டடக் கலைஞர் பதில்

மலேசியாவில் ஹிலிர் பேராக் மாவட்டத்தின் தோட்டப் பட்டணம் ஒன்றிலிருந்து 29 வயது வாசகி எழுதியிருக்கிறார். உள்வடிவமைப்பில் டிப்ளோமா முடித்து, கோலாலம்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். தோழியோடு சேர்ந்து சிறிய வடிவமைப்புக் கூடம் நடத்துகிறார். முன்னாள் தோட்டத் தொழிலாளர்களுக்கு வீட்டுரிமை கேட்கும் இயக்கத்திலும் முன்னால் நிற்கிறார். செம்பனை நிறுவனங்களிடமும் வீடமைப்பு நிறுவனங்களிடமும் வேலை எடுப்பதில்லை, சிமெண்டைத் தொடுவதில்லை என்று தமக்கொரு விதி வைத்திருக்கிறார்.

லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்காக மாரியம்மன் கோவிலை ஒட்டிய காலி இடத்தில் ஒரு மண்டபம் கட்ட நினைக்கிறார். மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன், வாரக் கடைசியில் கூட்டம், திருவிழாவில் அன்னதானம். அளவு 12 மீட்டருக்கு 7.5 மீட்டர். அங்கேயே தோண்டும் மண்ணை அச்சில் அழுத்திச் சுவர்க்கல், காட்டு மூங்கிலில் கூரைச்சட்டம், பக்கத்துத் தோட்டத்தில் மறுநடவுக்கு வெட்டிய ரப்பர் மரத்தில் தூண், இடித்த லயத்தின் பழைய கூரைத்தகடு, சிமெண்டுக்குப் பதில் செம்பனை ஆலைச் சாம்பல். இது அவருடைய திட்டம். தோட்ட மேனேஜர் 'கட்டிக்கோங்க' என்று வாயால் சொல்லியிருக்கிறார். கோவில் 40 ஆண்டுக்கு மேல் அங்கே இருப்பதால் இடம் தானாகவே ஊருக்கு உரிமையாகிவிடும் என்றும் நம்புகிறார். மாவட்ட மன்ற அதிகாரியோ, "பிளானில் யார் கையெழுத்துப் போடுவார்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கோவில் தலைவர், ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டக் கங்காணி), சொன்னது இது: "மூணு தலைமுறையா பலகையிலும் தகரத்துலயும் இருந்தாச்சு. இன்னும் மண்ணும் மூங்கிலுமா? கல்லுல கட்டும்மா." அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்பதோடு கடிதம் முடிகிறது.

அன்புச் சகோதரி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் திட்டத்தில் மற்ற எல்லாமே அதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் நிற்கிறது.

தோட்டத்தில் துரைக்குக் கல் பங்களா, கிராணிக்கு, அதாவது எழுத்தருக்கு, அடுத்த தர வீடு, தொழிலாளிக்குப் பலகை லயம் என்பதுதான் நெடுங்கால வழக்கம். யார் எந்தப் பொருளுக்குள் தூங்கினார் என்பதே அவருடைய தரத்தைச் சொல்லிவிடும். அந்தப் பெரியவர் கல் கேட்பது விழிப்பில்லாததால் அல்ல. தனக்கும் தன் அப்பாவுக்கும் மறுக்கப்பட்டதை அவர் கேட்கிறார். உங்கள் இயக்கம் கேட்கும் நிரந்தர வீடும் அதே கோரிக்கைதானே? "மண்தான் உங்களுக்கு நல்லது" என்று படித்த பிள்ளை ஒருத்தி வந்து சொன்னால், அவர் காதில் அது பழைய நிர்வாகத்தின் குரலாகத்தான் விழும்.

நல்ல எண்ணத்தோடு மண்ணில் கட்டிய பெரிய கட்டடக் கலைஞர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களில் கட்டிய புதிய குர்னா கிராமத்துக்கு மக்கள் குடிபோக மறுத்தார்கள். அவர்களுடைய பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது ஒரு காரணம். வீட்டின் மேலிருந்த குவிமாடம் அவர்கள் கண்ணுக்குக் கல்லறையாகத் தெரிந்தது இன்னொரு காரணம். புர்கினா ஃபாசோவின் காண்டோவில் 2001இல் ஃபிரான்சிஸ் கேரே பள்ளி கட்டியபோதும், மண் மழைக்கு நிற்காது என்று ஊரார் ஐயப்பட்டார்கள். அவர் அவர்களுடைய கண்முன்னே மாதிரி செய்து சோதித்துக் காட்டினார். களிமண்ணோடு சிமெண்டும் சேர்த்தார். அகலமான தகரக் கூரையைச் சுவருக்கு மேலே தூக்கி நிறுத்தினார். 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவரும் சிமெண்டை ஒதுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பெரியவருக்குப் புரிய வைக்கப் போகாமல், 'கல்' என்ற சொல்லுக்குள் அவர் என்னென்ன வைத்திருக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மழை பெய்தால் பேச்சு கேட்க வேண்டும், கரையான் ஏறக்கூடாது, கதவு பூட்ட வேண்டும், வருஷா வருஷம் ஒட்டுப்போடக் கூடாது, கல்யாணப் படத்தில் பார்க்க மதிப்பாக இருக்க வேண்டும்: பெரும்பாலும் இந்த ஐந்தாகத்தான் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் வடிவமைப்பில் பதில் உண்டு. உங்கள் இப்போதைய திட்டத்தில் ஒன்றுக்குக்கூட இல்லை.

நிலம்: இதில்தான் எனக்குப் பெரிய கவலை

மேனேஜரின் வாய்ச்சொல் அவர் அந்த நாற்காலியில் இருக்கும் வரைக்கும்தான். அவர் மாற்றலாகிப் போனாலோ நிறுவனம் தோட்டத்தை விற்றாலோ அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. 40 ஆண்டு இருந்துவிட்டால் இடம் சொந்தமாகும் என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு, எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் அனுபோகத்தை வைத்துப் பட்டாதாரரின் உரிமையைத் தடுக்க முடியாது என்கிறது. இந்தியாவில் சொல்லப்படும் 12 ஆண்டுக் கணக்கைக் கேள்விப்பட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அரசாங்க நிலமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அனுமதியின்றி அங்கே கட்டுவது 425ஆம் பிரிவின்படி குற்றம்.

முதல் வேலையாக லாட் எண்ணோடு நில அலுவலகத்துக்குப் போய் 'சாரியான் ரஸ்மி' எனும் அதிகாரபூர்வப் பதிவு விவரம் எடுங்கள். பட்டாதாரர் யார், நிலத்தின் வகை என்ன, அதன் மேல் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்ற மூன்றும் அதில் தெரியும். தோட்ட நிலம் ஏறக்குறைய எப்போதும் விவசாய வகையில்தான் இருக்கும். மண்டபம் கட்ட 124ஆம் பிரிவின்படி நிபந்தனை மாற்றம் கேட்க வேண்டியிருக்கும். அதைக் கேட்கக்கூடியவர் பட்டாதாரர், முடிவு செய்வது மாநில அரசு. நீங்களோ கோவில் குழுவோ நேரடியாகக் கேட்க முடியாது. நிலம் நிறுவனத்துடையது என்றால் மூன்று ஆண்டு வரையிலான வாடகை ஒப்பந்தத்தைப் பதிவில்லாமல் செய்யலாம். அதற்கு மேற்பட்ட குத்தகை நில அலுவலகத்தில் பதிவாக வேண்டும். நிலத்தின் ஒரு பகுதிக்கு அதிகபட்சம் 30 ஆண்டு கிடைக்கும். அரசு நிலமானால் டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிமம் ஒரு வழி. ஆனால் அது ஆண்டோடு முடியும், கைமாற்ற முடியாது, நிரந்தரக் கட்டடத்துக்கு ஏற்றதும் அல்ல.

நிறுவனத்தோடு வேலை செய்வதில்லை என்ற உங்கள் விதி இங்கே உங்களுக்கே குறுக்கே நிற்கிறது. அவர்கள் கையெழுத்து இல்லாமல் இந்தக் கட்டடம் கிடையாது. அவர்களிடம் கட்டணம் வாங்குவது வேறு, உரிமை கேட்டு எதிரே உட்காருவது வேறு. இரண்டாவதை உங்கள் விதியிலிருந்து விலக்கிவிடுங்கள். உட்காரும்போது கையில் இன்னொன்றும் இருக்கட்டும்: 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது சட்டம் 446. அது குடியிருப்பவருக்கு வீட்டைச் சொந்தமாக்கித் தருவதில்லை. ஆனால் இருப்பிடம், குழந்தைக் காப்பகம், மருத்துவம், சமூக வசதிகள் ஆகியவற்றில் முதலாளிக்குக் கடமைகளை வைக்கிறது. உங்கள் தோட்டத்தில் இப்போது வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு நிர்வாகம் எவற்றைத் தர வேண்டும் என்று தொழிலாளர் இலாகாவில் எழுத்துமூலம் கேளுங்கள். நிர்வாகம் தர வேண்டியதை ஊரார் இலவச உழைப்பில் கட்டி முடித்துவிட்டால், கேட்கும் வாய்ப்பையும் சேர்த்தே இழந்துவிடுவீர்கள்.

அனுமதிக் கடிதம் வாங்கும்போது கட்டடத்தின் உபயோகத்தையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். 'பிள்ளைகள் வகுப்பு, குடியிருப்பாளர் கூட்டம், கோவில் விருந்து' என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். இல்லாவிட்டால் முதல் தகராறே கூட்டத்தைப் பற்றித்தான் வரும். டியூஷனை நிலையமாக நடத்தினால் கல்வி இலாகாவில் தனியாகப் பதிவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கையெழுத்து

அதிகாரி கேட்டது தொல்லை கொடுக்க அல்ல. சாலை, வடிகால், கட்டடச் சட்டம் 1974இன் 70ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதியின்றி எந்தக் கட்டடமும் எழுப்பக்கூடாது. மீறினால் இடிக்க உத்தரவிடும் அதிகாரமும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பிளானைச் சமர்ப்பிப்பவர் பதிவுபெற்ற கட்டடக் கலைஞராகவோ பொறியாளராகவோ இருக்க வேண்டும். சிறு கட்டடங்களுக்குப் பதிவுபெற்ற கட்டட வரைஞரும் சமர்ப்பிக்கலாம். 2007 ஏப்ரல் 12 முதல் நடப்பில் உள்ள முறைப்படி, சிசிசி எனப்படும் நிறைவுச் சான்றிதழைக் கொடுப்பதும் அப்படிச் சமர்ப்பித்தவர்தான். கட்டடம் பாதுகாப்பானது என்று தன் பெயரில் பொறுப்பேற்பவர் அவர். அதனால் சோதனை அறிக்கை இல்லாத பொருளை அவர் தொட யோசிப்பார். அதில் தப்பில்லை.

உள்வடிவமைப்பாளர் என்ற முறையில் நீங்கள் சமர்ப்பிக்க முடியாது. 1967ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி 'ஆர்க்கிடெக்ட்' என்று உங்கள் அட்டையிலோ முகநூலிலோ போடவும் கூடாது. உள்வடிவமைப்பாளருக்கும் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் தனிப் பதிவு உண்டு. இன்னும் செய்யவில்லை என்றால் அதற்கு விண்ணப்பியுங்கள். மக்கள் கூடும் இடம் என்பதால் போம்பா எனும் தீயணைப்புத் துறையும் பார்க்கும். வெளியேறும் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கின்றனவா, எத்தனை இருக்கின்றன என்று கேட்பார்கள்.

"இலவசமாகத்தான் செய்கிறேன், என்மேல் பழி வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். வரும். காசு வாங்காவிட்டாலும் கவனக்குறைவுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். காலவரம்புச் சட்டத்தில் 2019இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மறைந்திருந்து பின்னால் தெரியவரும் குறைபாட்டுக்கு 15 ஆண்டு வரை வழக்குப் போட இடம் கொடுக்கிறது.

உங்கள் மண் கல்லுக்கு ஆகாது

கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'அங்கேயே தோண்டும் மண்' என்ற எண்ணம்தான். அதைத்தான் முதலில் கைவிடச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுங்கை சிப்புட், தாப்பா பக்கம் மேட்டு நிலமாக இருந்தால் செம்மண் கிடைக்கும். ஹிலிர் பேராக்கின் தாழ்நிலம் பெரும்பாலும் கடல் படிந்த களிமண், சில இடங்களில் மேலே பீட் எனும் மக்கிய தாவர மண். 1885இல் கட்டிய தெலுக் இந்தான் கோபுரம் சாய்ந்து நிற்பதும் அந்த மென்மண்ணில்தான்.

இந்தக் களிமண்ணில் சிக்கல் மூன்று. களி அதிகம் என்பதால் காயும்போது சுருங்கி வெடிக்கும். பீட் கலந்திருந்தால் அதிலுள்ள மக்கு சிமெண்டை இறுக விடாது. மூன்றாவதைக் கண்ணாலும் மூக்காலும் பிடிக்கலாம்: புதிதாக வெட்டிய குழியில் அழுகிய முட்டை வாடை வந்தால், அல்லது காய்ந்த கட்டியில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டு தெரிந்தால், அது அமிலச் சல்பேட் மண். சல்பேட் சிமெண்டை மெல்ல மெல்ல அரித்துவிடும். கல் முதல் வருடம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு விளிம்பு உதிரத் தொடங்கும்.

எப்படியும் சோதித்துப் பாருங்கள், பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்து. மேல்மண்ணை அரை மீட்டர் நீக்கிவிட்டுக் கீழிருந்து எடுங்கள். கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது சரளையும் மணலும். அரை மணியில் வண்டல் படியும். மறுநாள் அதன் மேல் படிந்திருப்பது களி. சிமெண்டில் பிணைக்கும் அழுத்தக் கல்லுக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு சரளை, 50 மணல், 15 வண்டல், 20 களி இருந்தால் நல்லது. உங்கள் ஜாடியில் மறுநாளும் தண்ணீர் தெளியாமல் கலங்கியே நின்றால் அதுவே பதில்.

அடுத்தது சுருக்கப் பெட்டி. 60 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழத்தில் மரப்பெட்டி செய்து உள்ளே எண்ணெய் தடவுங்கள். ஈரமண்ணை மூலை விடாமல் நிரப்பி மூன்று நாள் வெயிலிலோ ஒரு வாரம் நிழலிலோ வையுங்கள். காய்ந்ததும் மண்ணை ஒரு முனைக்குத் தள்ளி, மறுமுனையில் விழுந்த இடைவெளியை அளக்க வேண்டும். 1.5 செ.மீ.க்குள் என்றால் ஒரு பங்கு சிமெண்டுக்கு 18 பங்கு மண். 3 வரை என்றால் 16, 4.5 வரை 14, 6 வரை 12. அதற்கு மேல் சுருங்கும் மண்ணைக் கல்லாக்க வேண்டாம். கரையோரக் களி இந்தச் சோதனையில் தேறாது என்றே எதிர்பார்க்கிறேன். மேட்டுப் பக்கத்திலிருந்து லோரியில் செம்மண் வர வேண்டியிருக்கும். அதற்கும் இந்த இரண்டு சோதனையும் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

எடை

மென்மண்ணில் கட்டும்போது எந்தப் பொருள் பசுமையானது என்பதற்கு முன்னால், எது எத்தனை டன் என்று கேட்க வேண்டும். 300 x 150 x 100 மி.மீ. கல் ஒன்று ஏறத்தாழ 8.5 கிலோ. ஒரு சதுர மீட்டர் சுவருக்கு 33 கல், அதாவது 280 கிலோ. உங்கள் மண்டபத்தின் சுற்றளவு 39 மீட்டர். 3 மீட்டர் உயரச் சுவர் எழுப்பி, கதவு ஜன்னலுக்குக் கால்வாசியைக் கழித்தாலும் 2,900 கல், 25 டன். இதைப் பலர் கணக்குப் பார்த்துவிடுவார்கள். தரையை வெள்ளத்துக்காக 45 செ.மீ. மண்கொட்டி உயர்த்துவதைத்தான் மறந்துவிடுவார்கள். 90 சதுர மீட்டருக்கு அது 40 கன மீட்டர், 70 டன்னுக்கும் மேல். சுவரைவிடத் தரையே கட்டடத்தை அமுக்கும். அதுவும் ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக அமுங்கும். சுவர் மூலையிலிருந்து ஜன்னலுக்குக் கோணலாக ஓடும் வெடிப்பு அப்படித்தான் வருகிறது.

என் யோசனை இது. மண் கொட்டாதீர்கள். குட்டைக் கான்கிரீட் கால்களின் மேல் தரையை 60 செ.மீ. தூக்குங்கள். அழுத்தக் கல்லை ஜன்னல் அடிமட்டம் வரை, 90 செ.மீ. உயரத்துக்கு மட்டும் வையுங்கள். அதற்கு மேல் மரச்சட்டம், பலகை, காற்றோட்டச் சரிவுப் பலகைகள். கல் 1,100க்குள் அடங்கும், எடை 9 டன். இணைப்புகள் ஆணியில் வேண்டாம், போல்ட்டில் இருக்கட்டும். நிலம் கைமாறி இடத்தைக் காலி செய்யச் சொன்னால் சட்டத்தையும் கூரையையும் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம். ஒப்பந்தம் மூன்று ஆண்டுதான் கிடைக்கும் என்றால் இதைத் தவிர வேறெதற்கும் ஊர்ப்பணத்தைப் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவருக்கும் கை வைத்துப் பார்க்கும் உயரத்தில், திருவிழாக் கூட்டம் சாய்ந்து உட்காரும் உயரத்தில் கல் இருக்கும்.

அடித்தளம் உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. பொறியாளர் மெக்கின்டோஷ் புரோப் சோதனை செய்யச் சொல்வார். கம்பி ஒவ்வொரு 30 செ.மீ. இறங்கவும் சுத்தியல் எத்தனை தடவை விழுகிறது என்று எண்ணிக்கொண்டே போவார்கள், 30 செ.மீ.க்கு 400 தடவை ஆனால் நிறுத்துவார்கள். இத்தனை சிறிய கட்டடத்துக்கு அந்தச் செலவு தாங்கும். பக்காவ் எனும் சதுப்புநில மரக்குத்தி இறக்கச் சொன்னால் அதன் தலை எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் இடத்தில்தான் அது அழுகும். 60 செ.மீ. உயரத்துக்குப் படியோடு 1க்கு 12 சரிவில் 7.2 மீட்டர் சாய்தளமும் வேண்டும். முழங்கால் தேய்ந்த முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர்கள்தானே அதிகம் வரப்போகிறார்கள்.

கல் அழுத்தும்போது

10 மி.மீ. சல்லடையில் மண்ணைச் சலித்து, சிமெண்டை உலர்ந்த நிலையிலேயே ஒரே நிறமாகும் வரை கலந்து, பிறகு தண்ணீரைத் தெளியுங்கள். கையில் உருட்டி நெஞ்சு உயரத்திலிருந்து கீழே விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். பொடியானால் ஈரம் போதவில்லை. உடையாமல் சப்பையானால் ஈரம் அதிகம். தண்ணீர் பட்ட கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடியுங்கள். கோத்தோங் ரோயோங் எனும் ஊர்கூடிச் செய்யும் வேலையில் கல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்: பெரிய குவியலாகக் கலந்துவிட்டு நடுவில் தேநீருக்குப் போவார்கள், திரும்பி வந்து காய்ந்த கலவைக்கு மறுபடி தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தக் கல் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஊறினால் விரலில் கரையும். ஒரு தடவைக்கு 25, 30 கல்லுக்கு மேல் கலக்காதீர்கள். அழுத்திய கல்லை நிழலில் அடுக்கி இரண்டு நாள் பிளாஸ்டிக் விரிப்பால் மூடி, அதன்பின் 28 நாள் வரை ஈரம் போகாமல் தண்ணீர் தெளியுங்கள். ஐந்து பேர் கை இயந்திரத்தில் ஒரு நாளைக்கு 300 எடுத்தால் நல்ல வேலை. பத்துக்கு ஒரு கல்லைத் தராசில் வைத்துப் பாருங்கள், எடை மாறினால் அளவு தவறுகிறது என்று பொருள். 28ஆம் நாள் ஆறு கல்லை 24 மணி நேரம் ஊறவைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். ஈரக் கல்லின் வலிமைதான் கணக்கு.

சிமெண்டும் சாம்பலும்

உலகின் கரியமில வாயுவில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருகிறது. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இந்தக் கட்டடத்தின் 9 டன் கல்லுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 600 கிலோ, 12 மூட்டை. இந்த 12 மூட்டையைத் தவிர்த்தால் மழையில் கரையும் சுவர் கிடைக்கும். சிமெண்ட் உண்மையில் மிச்சமாவது கனத்த தரையைப் போடாமல் விடுவதிலும், சுவருக்குப் பூச்சு பூசாமல் விடுவதிலும்தான்.

ஆலைச் சாம்பல் நல்ல பொருள். ஆனால் கொதிகலனிலிருந்து அள்ளியபடியே அது சிமெண்ட் வேலை செய்யாது. எரியாத கரியும் முரட்டுத் துகளும் கலந்திருக்கும். சலித்து, மாவாக அரைத்தால்தான் வினைபுரியும். அப்போதும் சிமெண்டின் ஒரு பகுதிக்குத்தான் ஈடு. முதல் வாரங்களில் வலிமை மெதுவாகத்தான் ஏறும். சாம்பல் இல்லாமல் ஒன்று, 10 விழுக்காடு, 20 விழுக்காடு என்று மூன்று தொகுதி அழுத்தி மேலே சொன்ன ஈரச் சோதனைக்கு அனுப்புங்கள். எண் வந்த பிறகு முடிவு செய்யலாம்.

மரம், மூங்கில், கூரை

வெட்டிய ரப்பர் மரம் இரண்டு மூன்று நாளில் நீலம் பூக்கும், பூச்சி ஏறும். ஆலையில் உடனே போரான் மருந்தை அழுத்திச் சூளையில் உலர்த்துவதால்தான் அது நாற்காலியாகிறது. மழைபடும் தூணுக்கு ஒருபோதும் ஆகாது. அலமாரிக்கும் மேசைக்கும் அதையே வாங்குங்கள். தூணுக்கும் உத்தரத்துக்கும் மலேசிய மர விதித்தொகுப்பு எம்எஸ் 544இன்படி தரம் பிரித்த மரத்தைத்தான் பொறியாளர் ஏற்பார். இடித்த லயத்தில் செங்கால் எனும் வன்மரத் துண்டு கிடைத்தால் பொக்கிஷம். ஆணியைப் பிடுங்கி, முனையில் கூரிய திருப்புளியால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்தப் பகுதியை அறுத்து எறியுங்கள்.

காட்டு மூங்கில் இலவசமல்ல. தேசிய வனச் சட்டம் 1984இன்படி அது வனப்பொருள், வெட்ட உரிமம் வேண்டும். ஓராங் அஸ்லி மக்களிடம் வாங்கினால் உரிய விலை கொடுத்து, எங்கே வெட்டியது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முதல் ஐந்து வயதுக் கழிகளை எடுத்து, உள்கணுக்களை நீளக் கம்பியால் துளைத்து, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்த தொட்டியில் இரண்டு வாரம் ஊறவைக்க வேண்டும். இந்தப் போரான் மருந்து மழையில் கரைந்து போய்விடும். ஆகவே மூங்கில் கூரைக்குள்ளே உட்கூரைக்கும் சரிவுப் பலகைக்கும் மட்டும். ஊறிய கரைசலைக் கால்வாயில் கொட்டாதீர்கள், செடி பட்டுப்போகும்.

பழைய கூரைத்தகடு சாம்பல் நிற அலைத்தகடா? அப்படியென்றால் இன்றைக்கே வேலையை நிறுத்துங்கள். பழைய தோட்டக் கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகள் இருந்தன. பார்த்து மட்டும் உறுதி சொல்ல முடியாது, ஆய்வுக்கூடம்தான் சொல்லும். தெரியும் வரை உடைக்கவோ அறுக்கவோ துளைக்கவோ கூட்டவோ வேண்டாம், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுக்குப் பிறகு புற்றுநோயாக வரலாம். அதன் கழிவு 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட ஆபத்துக் கழிவு, குப்பை லோரியில் ஏற்ற முடியாது. லயத்தை இடித்தது நிர்வாகம் என்றால் அகற்றும் பொறுப்பை அவர்களிடமே எழுத்துமூலம் விடுங்கள்.

புதிய உலோகத் தகடு, சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் இறங்கும் கூரை, தகட்டுக்கு அடியில் 50 மி.மீ. பாறைப்பஞ்சு, அதன் கீழே உங்கள் மூங்கில் உட்கூரை. மழையில் பாடம் நடக்க இது போதும். ஒவ்வொரு தூணின் அடியிலும் உலோகத் தகட்டுக் குல்லாய் வையுங்கள். கரையான் அதைச் சுற்றித்தான் ஏற வேண்டும், மண்பாதை கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் தொழில்

நீங்கள் இயக்கத்தின் பேச்சாளர், மண்டபத்தின் வடிவமைப்பாளர், கட்டடக் குழுவின் செயலாளர். மூன்றும் ஒரே ஆளாக இருப்பது சரியில்லை. பணத்தை முடிவு செய்யும் குழுவிலிருந்து விலகுங்கள். பிறகு சிறிய தொகையானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கட்டணம் வாங்குங்கள். நன்கொடை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் ஒரு ரிங்கிட்டும் வரக்கூடாது. கோவில் குழு சங்கப் பதிவு இலாகாவில் பதிவு பெற்றதா, அதன் விதியில் கட்டடம் கட்ட இடமிருக்கிறதா என்று பாருங்கள். சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு வந்தால் வாங்கலாம். என்ன நிபந்தனை, பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்பதைக் கூட்டக் குறிப்பில் பதிந்துவிட்டு வாங்குங்கள்.

ஊரார் உழைப்பும் உழைப்புதான். பளுவான வேலைக்கும் திறன் வேலைக்கும் நாட்கூலி கொடுங்கள். கட்டுமான இடத்தில் வேலை செய்பவர்களுக்கு சிஐடிபி எனும் கட்டுமானத் தொழில் வாரியத்தின் அட்டையும் பெர்க்கெசோ எனும் தொழிலாளர் சமூகக் காப்பும் உண்டா என்று குத்தகையாளரைக் கேளுங்கள். மொத்தச் செலவில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். அக்டோபர் மழைக்கு முன்னால் கூரை நீர்க்கால்வாயைச் சுத்தம் செய்வது, போல்ட்டுகளை முறுக்குவது, தூணடிக் குல்லாய்களைப் பார்ப்பது ஆகிய மூன்றுக்கும் ஆண்டுதோறும் இரண்டு பேரின் பெயரைக் குழுவிலேயே எழுதிவிடுங்கள். அதில் ஒருவராவது லயத்து இளைஞராக இருக்கட்டும்.